உட்கார வைத்த அன்பு

நமது பெரியம்மாவின் வீட்டுக் கூடத்தில், மின்சார விசிறிக்கு நேர் கீழே, ஒரு சாய்வு நாற்காலி உண்டு. சென்ற வருஷம் வரையில் அந்த நாற்காலியைக் காலியாகப் பார்த்தவர்கள் குறைவு. காலையில் காப்பி அங்கே வரும். பத்திரிகை அங்கே வரும். மூக்குக் கண்ணாடி, மாத்திரை, வெந்நீர் எல்லாம் வரிசைக் கிரமமாக அங்கேயே வந்து சேரும். பெரியம்மா கையை நீட்டினால் போதும். இதைப் பார்த்த அயலார், "கொடுத்து வைத்தவர்! பிள்ளையும் மருமகளும் எப்படித் தாங்குகிறார்கள்!" என்று மெச்சினார்கள். நாமும் மெச்சினோம். அந்தத் தாங்குதலே பெரியம்மாவை நாளுக்கு நாள் முடக்கிக் கொண்டிருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இத்தகைய நாற்காலிகள் நம் தேசத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்குமாகையால், இந்தக் கதையை நேயர்களுக்குச் சொல்வது கடமை என்று எண்ணுகிறோம்.

பெரியம்மா புகை பிடித்தவர் அல்லர். ஆனால் புகை அவரை விடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏறக்குறைய முப்பது வருஷம் விறகடுப்பின் முன்னால் குந்தி, ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைத்தவர். ஐப்பசி மாதத்து ஈர விறகு என்றால் சமையலறையில் ஆள் முகம் தெரியாது. கண்ணில் வழிந்த நீரை எல்லோரும் பார்த்தோம். நெஞ்சுக்குள் புகை எழுதிக் கொண்டிருந்த கணக்கை ஒருவரும் பார்க்கவில்லை. காஸ் அடுப்பு வந்து வெகு காலம் கழிந்த பிறகு கடன்காரன் வந்து கதவைத் தட்டினான். முதலில் இருமல், பிறகு கோழை, பிறகு மாடிப்படி ஏறினால் இளைப்பு. "வயசாகவில்லையா?" என்று நாம் எல்லோரும் சமாதானம் சொன்னோம். ஒரு மார்கழி இரவில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோதுதான் வியாதிக்கு ஒரு பெயர் கிடைத்தது.

சுவாசக் குழல்கள் நாளடைவில் குறுகி அடைத்துக் கொள்ளும் இந்த வியாதியை டாக்டர்கள் 'சி.ஓ.பி.டி.' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஆஸ்துமாவுக்கும் இதற்கும் பேதம் உண்டு. ஆஸ்துமாவில் சுருங்கிய குழல் பெரும்பாலும் மறுபடி விரிந்து விடும். இதில் நேர்ந்த சேதம் முழுவதும் திரும்புவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் வருஷத்தில் மட்டும் இந்த வியாதியால் இறந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர்; உலகத்தில் மரணத்துக்குரிய காரணங்களில் அவ்வருஷம் இது நான்காவது ஸ்தானம் வகித்தது. இந்தியாவில் 2016-இல் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இது இருந்ததாக 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. செல்வ தேசங்களில் பெரும்பாலும் சிகரெட்டே காரணம். நம் நாட்டிலோ பீடியும் சிகரெட்டும் போதாவென்று விறகும் வறட்டியும் எரிகிற அடுப்புப் புகையும் சேர்ந்து கொண்டிருக்கிறது.

நெஞ்சுக்குள் நடப்பது என்ன? நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்கள் ரப்பரைப் போல் விரிந்து சுருங்குவதால்தான் உள்ளே போன காற்று தானாக வெளியே வருகிறது. புகை வருஷக் கணக்கில் இந்தச் சுவர்களை அரித்து விடுகிறது. குழல்களையும் வீங்கச் செய்கிறது. ஆகவே காற்று உள்ளே போய் விடுகிறது. வெளியே வரத்தான் வழி போதவில்லை. பழைய காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. வேகமாக நடந்தால் மூச்சும் வேகமாகிறது. வெளியே விட நேரம் இன்னும் குறைகிறது. மார்பு ஊதிப் போய் மேற்கொண்டு இழுக்க இடமில்லாமல் தவிக்கிறது. நிரம்பிய பஸ்ஸில் யாரும் இறங்காமல் மேலும் மேலும் ஆள் ஏறினால் எப்படியோ அப்படி.

இந்தத் தவிப்பை ஒரு முறை அநுபவித்தவர் மறு முறை நடக்க அஞ்சுவார். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கோ அதை விட அச்சம். "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், அம்மா!" என்றான் பிள்ளை. "நான் கொண்டு வருகிறேன், அத்தை!" என்றாள் மருமகள். "பேசாமல் உட்காருங்கள், பெரியம்மா!" என்றோம் நாம். முதலில் நின்றது கோவில். பிறகு நின்றது மாடி. பிறகு துளசி மாடம். கடைசியில் ஸ்நான அறைக்குப் போய் வருவதே ஒரு யாத்திரையாகி விட்டது. வியாதி முற்றுகிறது என்று நாம் வருந்தினோம்.

மறு பரீட்சைக்கு ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது, உடன் நாமும் போயிருந்தோம். அங்கே ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார்கள். 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்ஸன் என்ற வைத்தியர் அமைத்த 'ஸ்பைரோமீட்டர்' கருவியின் வம்சத்தில் வந்தது அது. முன் வருஷத்துக் கணக்கையும் புதுக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்த டாக்டர், "நுரையீரல் அப்படியே இருக்கிறதே! இவர் ஏன் இவ்வளவு தளர்ந்து விட்டார்?" என்று கேட்டார். தினசரி வாழ்க்கையை விசாரித்தார். நாம் பெருமையுடன் நாற்காலி வைபவத்தை எடுத்துரைத்தோம்.

டாக்டர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் எல்லோரும் சேர்ந்து இவருடைய கால்களைப் பிடுங்கி விட்டீர்கள்" என்றார்.

நமக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். மூச்சு முட்டுகிறவரை நடக்கச் சொல்வதாவது! பட்டினி கிடப்பவனைப் பல்லாங்குழி ஆடச் சொன்ன கதையாக இருக்கிறதே என்று எண்ணினோம். ஆனால் டாக்டர் பொறுமையாக விளக்கியதைக் கேட்ட பிறகு, கோபம் நம் மேலேயே திரும்பியது.

அவர் சொன்னதன் சாராம்சம் இதுதான். உபயோகிக்காத தசை வெகு சீக்கிரம் மெலிந்து போகும். மெலிந்த தசை பிராணவாயுவைச் சிக்கனமாகச் செலவிடத் தெரியாதது. சொற்ப வேலைக்கே களைத்து, லாக்டிக் அமிலம் என்ற அமிலத்தை இரத்தத்தில் சேர்த்து விடும். அந்த அமிலத்தைச் சரிக்கட்ட இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டியிருக்கும். ஏற்கனவே மூச்சுக்குத் திண்டாடுகிறவருக்கு இது மேலும் ஒரு சுமை. ஆகவே நடந்தால் இளைப்பு, இளைப்பதால் உட்காருதல், உட்காருவதால் கால் மெலிதல், கால் மெலிந்ததால் இன்னும் அதிக இளைப்பு. இந்தச் சக்கரத்தை நாமே கை கொடுத்துச் சுற்றிக் கொண்டிருந்தோம்!

குடும்பஸ்தர்களாகிய நேயர்களுக்கு இதை வீட்டுக் கணக்காகச் சொன்னால் எளிதில் விளங்கும். நுரையீரல் என்பது மாத வரும்படி. இந்த வியாதியில் வரும்படி குறைந்து விட்டது. அதை உயர்த்த வழியில்லை. ஆனால் செலவைக் குறைக்கலாம் அல்லவா? பயிற்சி பெற்ற கால், அதே தூரத்தைக் குறைந்த மூச்சுச் செலவில் நடந்து விடுகிறது. வரும்படி ஏறாமலே குடும்பம் நடக்கிறது. 'நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை' என்று இன்று வழங்கும் சிகிச்சையின் ரகசியம் இவ்வளவே.

இந்த ரகசியம் சுலபமாக ஒப்புக் கொள்ளப்படவில்லை. நுரையீரல் நோயாளிகளுக்குத் தேகாப்பியாசமும் ஆகாரமும் அவசியம் என்று அமெரிக்காவில் டென்வர் நகரத்து டாக்டர் சார்லஸ் டெனிஸன் 1895-லேயே புஸ்தகம் எழுதினார். ஆயினும் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஓய்வே மருந்து என்ற கொள்கைதான் வெகு காலம் அரசு செலுத்தியது. 1952-இல் நியூயார்க்கில் ஆல்வன் பராக் என்பவர், பிராணவாயுவின் உதவியுடன் நடக்கப் பழகிய நோயாளிகள் பிறகு அந்த உதவி இல்லாமலே முன்னை விட நன்றாக நடந்ததைக் கவனித்து எழுதினார். 1960-களில் அதே டென்வரில் டாமஸ் பெட்டி என்ற டாக்டர், மூச்சுப் பழக்கம், நடை, தூக்கிச் செல்லக்கூடிய பிராணவாயுக் குப்பி, நோயைப் பற்றிய போதனை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு திட்டமாக நடத்தி, 1969-இல் பலன்களை வெளியிட்டார்.

"நுரையீரல் கணக்கு ஒரு புள்ளியும் ஏறவில்லையே! எல்லாம் மனப்பிராந்தி" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதற்கு விடை 1991-இல் கிடைத்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் காஸபூரி என்பவரும் அவருடைய சகாக்களும் 19 நோயாளிகளுக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் இரத்தத்தைச் சோதித்தார்கள். கடினமாகப் பயின்றவர்கள் அதே வேலையைச் செய்யும்போது லாக்டிக் அமிலமும் குறைந்திருந்தது. மூச்சின் தேவையும் குறைந்திருந்தது. இரத்தத்துக்கு மனப்பிராந்தி ஏது? 2015-இல் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டத்தார் 65 பரிசோதனைகளை, 3,822 நோயாளிகளை, ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள், பெறாதவர்களை விட ஆறு நிமிஷத்தில் சராசரி 44 மீட்டர் அதிகம் நடந்தார்கள்; இளைப்பும் சோர்வும் குறைந்தன; மனநிலையும் சீர்பட்டது.

44 மீட்டர் என்ன பிரமாதம் என்று தேகசௌக்கியம் உள்ளவர்கள் கேட்கலாம். கூடத்து நாற்காலிக்கும் தெருவாசலுக்கும் உள்ள தூரம் அதை விடக் குறைவு என்பதை நினைவூட்டுகிறோம்.

அமெரிக்க அரசாங்கத்தின் முதியோர் வைத்திய இன்ஷூரன்ஸ் ஏடுகளிலிருந்து 2020-இல் வெளியான கணக்கு ஒன்றும் உண்டு. 2014-இல் இந்த வியாதிக்காக ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய 1,97,376 பேரில், 90 நாளுக்குள் இச்சிகிச்சையைத் தொடங்கியவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் மாத்திரமே. அவர்களில் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 100-க்கு 7.3; மற்றவர்களில் 100-க்கு 19.6. சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆரம்பத்திலேயே சற்றுத் திடமானவர்களாக இருந்திருக்கலாம். அதையெல்லாம் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. அவ்வளவு செல்வமுள்ள தேசத்திலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் இந்தச் சிகிச்சையின் வாசலை மிதிக்கவில்லை என்றால், நம் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியம்மாவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். முதலில் முப்பது மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் முன்னும் பின்னுமாக நடக்கச் சொல்லி, தூரத்தை அளந்தார்கள். விரலில் மாட்டும் கருவியால் பிராணவாயுவின் அளவைப் பார்த்தார்கள். இருதயம் சரியாக இருக்கிறதா என்றும் பரிசோதித்தார்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், எட்டு வாரம் பயிற்சி. நடை, நிறுத்தி வைத்த சைக்கிள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், சிறு பாரத்தைத் தூக்கி இறக்குதல் - இவ்வளவுதான். இளைத்தால் நின்று, தணிந்ததும் தொடரலாம். இளைப்பே வராமல் நடந்தால் பயனில்லை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை இளைப்புக்கு மார்க்குப் போடச் சொல்லி, நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக் கொண்டார்கள். ஸ்வீடன் தேசத்து குன்னார் போர்க் வகுத்த அளவுகோலாம் அது.

மூச்சு விடும் விதத்தையும் கற்பித்தார்கள். மூக்கால் மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல் இரண்டு பங்கு நேரம் நிதானமாக வெளியே விட வேண்டும். உதடு குவிந்திருப்பதால் குழல்களுக்குள் சிறிது அழுத்தம் நின்று, அவை மூடிக் கொள்ளாமல் திறந்திருக்கின்றன. பழைய காற்று வெளியேற அவகாசம் கிடைக்கிறது. "அடுப்பு ஊதுகிற மாதிரி, பாட்டி! ஆனால் பலமாக வேண்டாம், விளக்கின் சுடர் அசைய வேண்டும், அணையக் கூடாது" என்றாள் பயிற்சி அளித்த பெண். "ஊதி வந்த வியாதிக்கு ஊதித்தான் மருந்தா?" என்று பெரியம்மா கேட்டாராம். நெடுநாளைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது.

இன்னும் பல விஷயங்கள். இன்ஹேலரை எப்படி உபயோகிப்பது (மூன்று வருஷமாக மருந்தில் பாதியைத் தொண்டைக்கே கொடுத்துக் கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது!), கோழையை எப்படி வெளியேற்றுவது, இளைக்கும்போது முன்புறம் சாய்ந்து முழங்காலில் கையூன்றி நிற்பது, கோழையின் நிறம் மாறினாலோ இளைப்பு திடீரென்று மிகுந்தாலோ உடனே டாக்டரிடம் போவது, ஆகாரத்தில் பருப்பும் பாலும் குறையாமல் பார்ப்பது, இன்புளுயன்ஸாவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டுக் கொள்வது. ஒரு நாள் வகுப்புக்குக் குடும்பத்தாரையும் அழைத்தார்கள். அன்று நாம் கற்றுக் கொண்ட பாடம் ஒன்றே: ஓடிப் போய் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது. அதுதான் எல்லாப் பயிற்சிகளிலும் கடினமானது.

முதல் இரண்டு வாரம் பெரியம்மா அழுதார், வீட்டாரும் அழுதார்கள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், "நேற்றைக்கு ஸ்நான அறையில் முக்காலி வேண்டியிருக்கவில்லை" என்று சொன்னார். எட்டாம் வாரத்து முடிவில் மறுபடியும் தாழ்வாரத்தை அளந்தபோது, முன்னை விட 52 மீட்டர் அதிகம். குழாயில் ஊதிய கணக்கோ இம்மி கூட மாறவில்லை.

இதனால் வியாதி நீங்கி விட்டதென்று யாரும் எண்ண வேண்டாம். நீங்கவில்லை, நீங்காது. பயிற்சியை விட்டு விட்டால், ஒரு வருஷத்துக்குள் பலனும் பெரும்பாலும் கரைந்து போகும். புகை பிடிப்பவர்கள் அதை விடாமல் மற்றெது செய்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தவர்களுக்குத் தினம் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் பிராணவாயு கொடுத்தால் ஆயுள் நீளும் என்று 1980, 1981-ஆம் வருஷத்துப் பரிசோதனைகள் காட்டின. அவர்கள் அதை விடக் கூடாது. மார்பு வலி உள்ளவர்களும், சமீபத்தில் இருதய நோய் கண்டவர்களும் டாக்டரின் உத்தரவில்லாமல் ஓர் அடி கூட அதிகம் நடக்கக் கூடாது. நமது கட்டுரையைப் படித்து விட்டு இன்று மாலையே தாத்தாவை மலையேற்ற முயல வேண்டாமென்று பிரார்த்திக்கிறோம்.

"எங்கள் ஊரில் இந்தச் சிகிச்சைக்கு இடமில்லையே!" என்பது நியாயமான குறை. ஆனால் இதற்குப் பெரிய யந்திரங்கள் அவசியமில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் 166 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஆஸ்பத்திரிக்கு வரச் செய்தார்கள். மற்றப் பிரிவாருக்கு வீட்டுக்கு ஒரு முறை போய்ச் சொல்லிக் கொடுத்து, பிறகு வாரம் ஒரு தடவை டெலிபோனில் பேசினார்கள். எட்டு வார முடிவில் வீட்டிலேயே பயின்றவர்கள் சளைக்கவில்லை என்று 2017-இல் தெரிவித்தார்கள். ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில், க்ஷயரோகம் குணமான பின்பும் நுரையீரல் பழுதுற்று இளைத்தவர்களுக்கு ஆறு வாரம் இதே பயிற்சி அளித்து, நடையில் முன்னேற்றம் கண்டார்கள்; அதுவும் 2017-இல் வெளியான செய்தியே. க்ஷயத்தின் வடு நம் தேசத்திலும் எத்தனையோ பேர் மார்பில் இருக்கிறது. டாக்டர் ஒருவர் பரிசோதித்து அளவு சொல்லி, விஷயமறிந்தவர் ஒருவர் வழி காட்டினால், நம் வீட்டுத் தாழ்வாரமும், ஒரு மர நாற்காலியும், தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களும் மீதி வேலையைச் செய்யும்.

அரசாங்கமும் ஆஸ்பத்திரிகளும் செய்ய வேண்டியது ஏராளம். ஜில்லாவுக்கு ஓர் இடத்திலாவது இது கிடைக்கும்படி செய்ய வேண்டும். ஆனால் அதுவரையில் நம் வீட்டு நாற்காலியை நாம்தான் கவனிக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது இளைப்புக்குப் பயந்து நாளுக்கு ஓர் அடி குறைத்துக் கொண்டு வருகிறார்களா? "வயசு" என்று சொல்லி விட்டு விடாதீர்கள். குழாயில் ஊதும் பரீட்சையைச் செய்யச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு எழுதி முடித்த டாக்டரிடம், "நடக்கலாமா? எவ்வளவு நடக்கலாம்? யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்ற மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் பூனை படுத்திருந்தது. பெரியம்மா தெருக்கோடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வழியில் இரண்டு திண்ணைகளில் உட்கார்ந்துதான் போவாராம். திரும்பி வந்தவர் உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல மூச்சை விட்டுக் கொண்டே சற்று நின்றார். பிறகு தண்ணீர்ப் பானையை நோக்கி நடந்தார். நாம் பழைய வழக்கத்தில் சட்டென்று எழுந்தோம். பெரியம்மா கையைக் காட்டி நம்மைத் தடுத்தார்.

"உட்காரப்பா, உனக்கும் சேர்த்து நானே கொண்டு வருகிறேன்" என்றார்.

உட்கார்ந்தோம்.